ஆம்பூர் தோல் டாக்டர்

எனக்கு வெப்சைட் செய்து கொடுக்கிற தொழில். ஆம்பூர் பஜாருக்குப் பக்கத்தில், ஷூவுக்கு சோல் விற்கிற கடைக்கு மேலே, மாடியில் ஒரே அறை. கீழிருந்து பசை வாடை ஏறி வரும். புதிதாக வருகிறவர்கள் மூக்கைச் சுளிப்பார்கள். எனக்கு அது தெரிவதே இல்லை. முன்பு ஒரு ஷூ கம்பெனியில் கம்ப்யூட்டர் செக்‌ஷனில் இருந்தவள் நான். அங்கே சரக்கு அனுப்புகிற தேதி நெருங்கினால் சூப்பர்வைசர் கத்துவார். இங்கே என்னைப் பார்த்து நானே கத்திக்கொள்கிறேன். மற்றபடி பெரிய வித்தியாசம் இல்லை.

தொழில் ஆரம்பித்த காலத்தில் வெப்சைட் என்றால் இங்கே எல்லோருக்கும் கல்யாண பேனர் ஞாபகம்தான். "மேலருந்து ரோஜாப்பூ கொட்டிக்கினே இருக்கணும்மா" என்பார் ஒருவர். "கம்பெனி பேரு மின்னணும்" என்பார் இன்னொருவர். ஒரு முதலாளிக்குத் தன் போட்டோ பம்பரம் மாதிரி சுற்ற வேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டு எல்லாவற்றையும் செய்து கொடுத்தேன். எனக்கு ரசனை இருந்தது, அவர்களிடம் காசு இருந்தது. எது ஜெயிக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

பிறகு காலம் மாறிவிட்டது. இப்போது பக்கத்தைத் திறந்து பார்க்க யார் வருகிறார்கள்? ஆள் போனிடம் கேட்கிறான், போன் பதில் சொல்லிவிடுகிறது. கடை எப்போது திறக்கும், எங்கே இருக்கிறது, நல்ல கடையா, எல்லாவற்றையும் அதுவே சொல்லிவிடும். நான் கொட்டிய ரோஜாப்பூவைப் பார்க்க நாதி இல்லை. பக்கத்துக்குத் தவறாமல் வந்து போகிற ஒரே விருந்தாளி, தேடுகிற மெஷின்தான். அதற்கு ரோஜாவும் வேண்டாம், ராகமும் வேண்டாம். அது கேட்பதெல்லாம் இதுதான்: இது ஆளா, கடையா, பொருளா, ஊரா? எது எதனோடு சேர்ந்தது? அதைப் பக்கத்துக்குப் பின்னால், மனிதர் கண்ணுக்குத் தெரியாத இடத்தில், லேபிள் லேபிளாக எழுதி வைக்க வேண்டும். அழகு செய்கிற வேலை போய் அர்த்தம் சொல்கிற வேலை வந்துவிட்டது. எனக்கு அதில் வருத்தமும் இல்லை, சந்தோஷமும் இல்லை. ரோஜாப்பூ ஒழிந்ததில் கொஞ்சம் நிம்மதி உண்டு.

அர்த்தம் சொல்வது லேசான வேலை என்று நினைக்க வேண்டாம், அதுவும் தமிழில். பஜாரில் கோரைப்பாய், பிளாஸ்டிக் பாய் விற்கிற ஒரு கடை இருக்கிறது. கடைக்காரரும் ஒரு பாய். ஊரில் அவருக்குப் பெயரே 'பாய் கடை பாய்'. மனிதர்கள் யாருக்கும் இதில் ஒரு குழப்பமும் இல்லை. மெஷினுக்கு மண்டை காய்ந்துவிட்டது. ஆம்பூரில் பாய் கடை எங்கே என்று கேட்டவர்களை எல்லாம் அது பிரியாணிக் கடைக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. படுக்கப் பாய் தேடிப் போனவர்கள் அரைப் பிளேட் சாப்பிட்டுவிட்டுத் திரும்பினார்கள். நான் உட்கார்ந்து, இது தரையில் விரிக்கிற பாய், இது ஆளைக் கூப்பிடுகிற பாய் என்று இரண்டுக்கும் தனித்தனியாக லேபிள் ஒட்டினேன். கொஞ்ச நாளில் பாய்க்கு ஆள் வர ஆரம்பித்தது. பாய் கடை பாய்க்குத் தலைகால் புரியவில்லை. பார்க்கிறவர்களிடம் எல்லாம் என்னைப் பற்றிச் சொன்னார். அப்படித்தான் டாக்டர் பாய் என் மாடிக்கு ஏறி வந்தார்.

டாக்டர் பாய் எந்தக் காலேஜிலும் படித்த டாக்டர் இல்லை. ஷாப்புக்காரர்கள் வைத்த பெயர் அது. ஷாப்பு என்றால் எங்கள் பக்கம் கடை இல்லை. தோல் பதனிடுகிற இடத்துக்குத்தான் தோல் ஷாப்பு என்று பெயர். அங்கே அடுக்கி வைத்த தோலில் பூஞ்சை படர்ந்தால், சாயம் திட்டுத் திட்டாக நின்றால், மடக்கினால் தோல் வெடித்தால், அவருக்கு ஆள் போகும். வருவார், மடக்கிப் பார்ப்பார், கட்டைவிரலால் அழுத்துவார், முகர்வார். உப்பு கம்மி என்பார், அல்லது தண்ணீர் சரியில்லை என்பார், அதற்கு என்ன செய்ய வேண்டும் என்றும் சொல்வார். எந்தக் காலத்திலோ ஒரு முதலாளி, "தோலு படுத்துக்கிச்சிடா, டாக்டரைக் கூப்பிடு" என்று கிண்டலாகச் சொன்னாராம். அது அப்படியே ஒட்டிக்கொண்டது. வீட்டில் அவர் மனைவிகூட, "டாக்டர் சாப், பால் வாங்கினு வாங்க" என்றுதான் சொல்வார்.

"பெத்தவங்க வச்ச பேரு ஆதார் கார்டுல மட்டும்தான்மா இருக்குது" என்று சிரித்தார்.

அவருடைய சிக்கல் இது. அவரை அறிந்த முதலாளிகள் ஒவ்வொருவராக வீட்டில் உட்கார்ந்துவிட்டார்கள். ஷாப்பை இப்போது பார்க்கிறவர்கள் பிள்ளைகள். அவர்கள் ஆளிடம் விசாரிப்பதில்லை, போனிடம் விசாரிக்கிறார்கள். போனுக்கு டாக்டர் பாயைத் தெரியாது.

"இன்னா பேஜாரு பாரு. பக்கத்துத் தெருவுல ஷாப்பு. தோல்ல பூஞ்சை. அந்தப் பையன் போனைப் பாத்து சென்னைலருந்து ஆளக் கூப்பிடறான். நான் டீக்கடையில உக்காந்துக்கினு அந்தக் கார் போறதப் பாக்கறேன்."

"சரி பாய், செஞ்சிடலாம். இன்னான்னு போடறது? தோல் தர ஆலோசகர்?"

"டாக்டர்னு போடு. தோல் டாக்டர். பெருசா போடு."

"ஜனங்க தப்பா எடுத்துக்கமாட்டாங்களா?"

அவருக்கு முகம் மாறிவிட்டது. "ஆம்பூர்ல தோல் டாக்டர்னா எவனுக்கும்மா தெரியாது? ஷாப்பு ரிஜிஸ்டர்ல என்னை ஹெல்ப்பர்னு எழுதினானுங்க. சேந்தப்பவும் ஹெல்ப்பர், வெளிய வந்தப்பவும் ஹெல்ப்பர். வாயால கூப்பிட்டாங்களே, அந்த ஒரு வார்த்தைதான் என் சம்பாத்தியம். அதையும் போடலன்னா எனக்கு எதுக்கு வெப்சைட்டு?"

பெருசாகவே போட்டேன்.

பின்னால் லேபிள் எழுத உட்கார்ந்தபோதுதான் தலைவலி ஆரம்பித்தது. மெஷினுக்குப் புரிகிற தொழில் பெயர்களுக்கென்று ஒரு பொதுப் பட்டியல் இருக்கிறது, உலகம் முழுக்க ஒரே பட்டியல். அதில் பல் மருத்துவர் உண்டு, பூட்டுத் திறக்கிறவர் உண்டு, பச்சை குத்துகிற கடைகூட உண்டு. செத்த மாட்டின் தோலைத் தொட்டுப் பார்த்து அது ஏன் கெட்டது என்று சொல்கிறவருக்கு மட்டும் இடம் இல்லை. 'தொழில் சேவை' என்று ஒரு பொதுவான லேபிள் இருந்தது, அதை ஒட்டினேன். நான் திரையில் எதையோ தட்டிக்கொண்டிருப்பதையும் பக்கத்தில் ஒன்றுமே மாறாததையும் அவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"கண்ணுக்கே தெரியாததுக்கா இவ்ளோ நேரம்?"

"தோல்ல உப்பு இருக்கறது கண்ணுக்குத் தெரியுதா பாய்?"

விழுந்து விழுந்து சிரித்தார். அதற்குப் பிறகு என் வேலையில் அவர் தலையிடவில்லை. அவருக்கு ஆபீஸ் கிடையாது, ஆனால் மெஷின் முகவரி இல்லாமல் விடாது. என் அறை முகவரியையே கொடுத்தோம். போன் நம்பர் அவருடையது.

மெஷின் ஒரு ஆளை நம்ப வேண்டுமென்றால் நாலு பேர் அவரைப் பற்றி நல்லதாக எழுத வேண்டும். டாக்டர் பாய் பழைய முதலாளிகளிடம் போய்ச் சொன்னார். அவர்கள் மனசாரப் பாராட்டுகிறவர்கள், பேரன் பேத்தியிடம் போனைக் கொடுத்து எழுத வைத்தார்கள். ஒருவர், 'என் தோல் முழுக்கப் பூஞ்சை. டாக்டர் பாய் ஒரே தடவை பார்த்தார், எல்லாம் போய்விட்டது' என்று எழுதியிருந்தார். இன்னொருவர், 'என் தோல் சுருங்கிக் கறுத்து வெடித்துக் கிடந்தது. இப்போது பளபளவென்று இருக்கிறது' என்று எழுதியிருந்தார். 'நம்ம தோலை ஜெர்மனிக்காரன் தொட்டுப் பார்த்துட்டு விடவே இல்ல, எல்லாம் டாக்டர் கைராசி' என்று மூன்றாமவர்.

படித்துவிட்டு எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. எப்படித் தோன்றும்? நானும் இந்த ஊர்க்காரிதான். ஷாப்புக்காரர் 'என் தோல்' என்றால் அது அவர் உடம்பில் இருப்பது இல்லை, குடோனில் இருப்பது. அதே மனிதர் வேலூர் ஆஸ்பத்திரியில் டோக்கன் வாங்கிக்கொண்டு 'என் தோல்' என்றால், அது குடோனில் இருப்பது இல்லை. எங்கே நின்று சொல்கிறார் என்று பார்த்து நாம் புரிந்துகொள்கிறோம். மெஷினுக்கு யார் எங்கே நிற்கிறார்கள் என்பது தெரியாது. அது எல்லாவற்றையும் ஒன்றாகக் கோத்தது: ஆள் பெயரில் டாக்டர் இருக்கிறது, தோல் இருக்கிறது, பூஞ்சை போயிருக்கிறது, கறுப்பு மறைந்து பளபளப்பு வந்திருக்கிறது. நான் ஒட்டிய லேபிளை ஓரமாகத் தள்ளிவிட்டுத் தானே ஒரு லேபிள் ஒட்டிக்கொண்டது. சரும நோய் மருத்துவர்.

முதல் போன் பேரணாம்பட்டிலிருந்து வந்தது, ஒருவருக்குத் தேமல். அடுத்தது நாட்றம்பள்ளியிலிருந்து, கல்யாணப் பெண்ணுக்கு முகத்தில் பரு. பிறகு வரிசையாக அரிப்பு, பொடுகு, பித்த வெடிப்பு. காவேரிப்பாக்கத்திலிருந்து ஒருவர் பேசும்போதே சொறிந்துகொண்டிருந்தாராம், சத்தம் கேட்டது என்று பாய் சத்தியம் செய்தார். ஒருவர் நேரே என் அறைக்கு ஏறி வந்து, நான் யாரென்றுகூடக் கேட்காமல் சட்டையைத் தூக்கி முதுகைக் காட்டினார். பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதை என்பார்களே, அதேதான். சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது.

"உருதுல போட்டிருந்தா இந்த வம்பே இல்லம்மா" என்றார் பாய். "சம்டான்னா ஷாப்புல இருக்கறது. ஜில்துன்னா உடம்புல இருக்கறது. ரெண்டும் வேற வேற. உங்க தமிழ்தான் ரெண்டையும் ஒண்ணா போட்டுச்சி."

"எங்க தமிழா? இவ்ளோ நேரம் எந்த பாஷையில பாய் பேசிக்கினு இருக்கீங்க?"

டாக்டர் என்ற வார்த்தையை எடுத்துவிடலாமா என்று அன்றைக்கே கேட்டேன். அவர் காதில் விழாத மாதிரி டீயை ஊதிக்கொண்டிருந்தார். மறுபடியும் கேட்டேன். "வேற வழி பாரு. நீ படிச்ச பொண்ணு" என்றார்.

வேறு வழி பார்த்தேன். பக்கத்தின் தலையில், 'மனிதத் தோல் அல்ல. மாட்டுத் தோல், ஆட்டுத் தோல்' என்று எழுதினேன். பின்னால் மாடு, ஆடு, எருமை என்று ஒவ்வொன்றுக்கும் லேபிள் ஒட்டினேன். மெஷின் மறுபடி வந்து படித்துப் போயிற்று. கொஞ்ச நாளில் முதுகைக் காட்டுகிறவர்கள் குறைந்தார்கள். நானும் அப்பாடா என்று வேறு வேலையைப் பார்த்தேன்.

ஒரு நாள் காலையில் டாக்டர் பாய் என் அறையில் உட்கார்ந்திருந்தார். அன்றைக்கு அவர் சந்தோஷமாக இருந்தார். ஒரு ஷாப்பு முதலாளியின் மகன் முதல்முறையாக நெட்டில் பார்த்து அவரைக் கூப்பிட்டிருந்தான். "டாக்டர் சார்னு சொன்னாம்மா, சார்னு" என்று இரண்டு தடவை சொன்னார். அப்போது ஒரு அம்மா படியேறி வந்தார். ஐம்பது வயது இருக்கும். கையில் ஒரு துணிப்பை, இன்னொரு கையில் போன். வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டார்.

"டாக்டர் ஐயா இருக்காங்களா?"

"எந்த டாக்டரும்மா?" என்றேன்.

"மாட்டுத் தோலு டாக்டரு. ஒடுகத்தூர்லருந்து வர்றேன். ரெண்டு பஸ் மாறி வர்றேன்."

பாய் எழுந்துவிட்டார். அந்த அம்மா என்னை விட்டுவிட்டு நேரே அவரிடம் போய்ப் போனை நீட்டினார். திரையில் ஒரு செவலைப் பசு. கழுத்திலிருந்து தொடை வரைக்கும் கட்டி கட்டியாக எழும்பியிருந்தது. அவர் நிறுத்தாமல் பேசினார். தலைச்சன் ஈத்து, கன்று பிறந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது, கன்றுக்குக்கூடப் பால் இறங்கவில்லை. நிலத்தில் போட்ட மல்லாட்டைக் கடலை மழையில் போய்விட்டது. வீட்டில் வரும்படி என்றால் அந்த மாடு ஒன்றுதான். இதற்கு முந்தின மாட்டை விற்று மகளுக்குக் கல்யாணம் செய்தது, இது அதன் கன்று.

பாய் திரையில் படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கினார். பிறகு ஷாப்பில் செய்கிற மாதிரியே ஒரு கட்டியின் மேல் கட்டைவிரலை வைத்து அழுத்தினார். கண்ணாடிதானே, படம் சுருங்கிப் போயிற்று. எனக்கு அதைப் பார்க்க முடியவில்லை.

"இது எனக்குத் தெரியும்மா" என்றார் மெதுவாக. "இந்தக் கட்டி இருந்த எடம் எல்லாம் தோல்ல ஓட்டை ஓட்டையா இருக்கும்."

"அப்ப மருந்து எழுதிக் குடுங்கய்யா."

"நான் அந்த டாக்டரு இல்லம்மா."

"போன்ல கேட்டேங்கய்யா. எனக்குப் படிக்கத் தெரியாது, வாயாலதான் கேட்டேன். மாட்டுத் தோலுக்குப் பெரிய டாக்டரு யாருன்னு கேட்டேன். ஆம்பூர்ல நீங்கதான்னு அதுவே சொல்லிச்சி."

"நான் உசுரோட இருக்கறதுக்கு டாக்டரு இல்லம்மா. செத்தப்பறம் வர்ற தோலுக்குத்தான் டாக்டரு."

அந்த அம்மா அவர் முகத்தைப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். "போனு பொய் சொல்லுமா?" என்று என்னைக் கேட்டார்.

முன்பெல்லாம் தேடினால் பத்து வரி வரும். எது சரி, எது தப்பு என்று பார்க்கிறவருக்கே ஒரு சந்தேகம் இருக்கும், நாலு பேரைக் கேட்பார். இப்போது ஒரே பதில், அதுவும் அழகான தமிழில், தடுமாறாமல் காதில் சொல்கிறது. எழுத்துத் தெரியாதவருக்கும் அது பேசுகிறது என்று நானே பல பேரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். 'பொய் சொல்லாதும்மா, தப்பா புரிஞ்சிக்கும்' என்று சொல்லியிருக்கலாம்.

பாய்தான் கேட்டார். "ஊர்ல மாட்டு டாக்டரு பாக்கலியாம்மா?"

"பாத்தாரு. நல்ல மனுசன். நேத்து ஒரு ஊசி போட்டாரு. இன்னிக்கும் போடணும்னு வந்தாரு. நான்தான் வேணாம்னுட்டேன். ஆம்பூர்ல பெரிய டாக்டரு இருக்காரு, அவரக் கேட்டுக்கினு வந்து போட்டுக்கறேன்னு சொல்லிட்டேன்."

"யா அல்லா" என்றார் பாய். அப்படி ஒரு குரல் அவரிடமிருந்து நான் கேட்டதில்லை. அந்த அம்மாவின் போனிலிருந்தே ஒடுகத்தூர் டாக்டர் நம்பரை எடுத்துப் பேசினார். அந்தம்மா வந்துக்கினு இருக்காங்க சார், தெரியாம சொல்லிட்டாங்க, தயவு செஞ்சி போய் ஊசி போட்டுடுங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போவும் என்று கெஞ்சினார். அந்த டாக்டர் அப்போதே கிளம்புவதாகச் சொன்னார். பாய் அந்த அம்மாவைத் தன் ஸ்கூட்டரில் உட்கார வைத்து பஸ் ஸ்டாண்டுக்குக் கூட்டிப் போனார். ஷாப்பு முதலாளியின் மகன் மூன்று முறை போன் செய்தும் எடுக்கவில்லை. அந்த வேலை வேறு யாருக்கோ போய்விட்டது.

மாடு பிழைக்கவில்லை. ஒடுகத்தூர் டாக்டர் அந்த அம்மா வீட்டுக்குப் போனபோதே அது படுத்துவிட்டதாம். அந்த ஊசியை நேரத்துக்குப் போட்டிருந்தால் பிழைத்திருக்குமா என்று பாய் அந்த டாக்டரிடமே கேட்டிருக்கிறார். சொல்ல முடியாது என்று அவர் சொல்லியிருக்கிறார். அதுதான் உண்மையாகவும் இருக்கும். இப்படிப்பட்ட விஷயங்களில் சொல்ல முடியாது என்பதை விடக் கொடுமையான பதில் இல்லை.

அடுத்த நாள் பாய் வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். டீ வேண்டாம் என்றார்.

"அந்தம்மாவுக்குப் போன் போட்டேன். திட்டும்னு நெனச்சேன். திட்டல. அதோட விதி, உங்க மேல இன்னா இருக்குதுன்னுச்சி." கையிலிருந்த போனை மேஜையில் வைத்தார். "அப்பவும் என்னை டாக்டரேன்னுதாம்மா கூப்பிட்டுச்சி."

"நாம இன்னா பண்ணுவோம் பாய், மெஷின் பண்ணது" என்றேன்.

"எடுத்துடு."

"எதை?"

"தெரியாத மாதிரி கேக்காத. அந்த வார்த்தைய எடுத்துடு."

எடுத்தேன். அவர் முன்னாலேயே எடுத்தேன். பக்கத்தில் பெரிதாக நின்றதை அழித்துவிட்டு, 'தோல் தரப் பரிசோதனை ஆலோசகர்' என்று போட்டேன். அவர் எழுத்துக் கூட்டி இரண்டு முறை படித்தார். "யாரு இவரு?" என்றார். நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

இதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். பக்கம் என் கையில் இருக்கிறது, மற்றது என் கையில் இல்லை. முதலாளிகள் எழுதியது அப்படியே இருந்தது. நான் செய்த பக்கத்திலிருந்து ஏற்கெனவே விவரங்களைப் பொறுக்கிக்கொண்டு போய்த் தங்கள் பட்டியலில் போட்டுக்கொண்ட வேறு வெப்சைட்டுகள் எங்கெங்கோ இருந்தன. அவற்றுக்கெல்லாம் சொந்தக்காரர் யார் என்றே தெரியவில்லை. முதலாளிகளிடம் போய், டாக்டர் என்று எழுதியதைத் திருத்தச் சொல்லுங்கள் என்றேன். பாய் போய்ச் சொன்னார். பூஞ்சைக்காரருக்கு எழுதிக் கொடுத்த பேரன் பெங்களூருக்குப் போய்விட்டான், எப்படித் திருத்துவது என்று அவருக்குத் தெரியவில்லை. பளபளப்புக்காரர் கோபப்பட்டுப் புதிதாகவே ஒன்று எழுத வைத்தார்: 'இவரை டாக்டர் இல்லை என்று சொல்கிறவன் எவன்? ஆம்பூரில் இவர் ஒருவர்தான் டாக்டர்.' ஊர்வாயை மூட உலைமூடி ஏது? மெஷின் அதையும் வாங்கிக்கொண்டது. நான் எடுத்த ஒரு வார்த்தைக்குப் பதில் அவர் இரண்டு கொடுத்திருந்தார்.

போனைக் கேட்டுப் பார்த்தேன். ஆம்பூரில் தோல் டாக்டர் யார் என்றேன். அழகான தமிழில், தடுமாறாமல், அவர் பெயரைச் சொன்னது. என்னிடமே சொன்னது. கோபத்தில் போனை மேஜையில் குப்புறப் போட்டேன். புகார் அனுப்ப ஒரு இடம் இருக்கிறது, அனுப்பினேன். பரிசீலிக்கிறோம் என்று பதில் வந்தது. இன்னும் அனுப்பிக்கொண்டிருக்கிறேன். இந்தத் தொழிலில் பொருள் சொல்கிறவள் நான் என்று நினைத்திருந்தேன். நான் ஒருத்தி சொல்கிறேன், அவ்வளவுதான். கடைசியில் முடிவு செய்கிறது வேறு எதுவோ.

போன் நம்பரை மாற்றிக்கொள்ளுங்கள் பாய் என்றேன். மாட்டேன் என்றார். நம்பரை மாற்றினால் கூப்பிடுகிறவர்களுக்கு யார் பதில் சொல்வார்கள்? அந்த அம்மா மாதிரி ஊசியை நிறுத்திவிட்டு யாராவது காத்துக்கொண்டிருந்தால்? சுற்றுப்பட்டு ஊர்களின் மாட்டு டாக்டர்கள் நம்பரை எல்லாம் அவர் இப்போது வாங்கி வைத்திருக்கிறார். வருகிற போனை ஒன்று விடாமல் எடுக்கிறார். தொழுகைக்குப் போகும்போது மனைவியிடம் கொடுத்துவிட்டுப் போகிறார். எடுத்ததும் சொல்கிற முதல் வார்த்தை, "டாக்டர் இல்ல." ஹலோ இல்லை, சலாம் இல்லை. எதிரில் இருப்பவர் ஏதாவது நம்பிக்கொள்வதற்கு முன்னால் சொல்லிவிட வேண்டும் என்கிறார். ஷாப்பிலிருந்து கூப்பிடுகிற பழைய ஆட்கள் முதலில் கிண்டல் என்று நினைத்தார்கள். "இன்னா டாக்டர் பாய், கோவமா?" என்றார்கள். இப்போது அவர்களும் வெறும் பாய் என்று கூப்பிடப் பழகிவிட்டார்கள். பால் வாங்கி வரச் சொல்லும்போது அவர் மனைவி என்ன சொல்கிறார் என்று நான் கேட்கவில்லை.

போன வாரம் ஒரு ஷூ கம்பெனிக்காரர் என்னிடம் வந்தார். அவருக்கு வந்து இறங்கிய தோல் மடக்கினால் வெடிக்கிறதாம், யாரைக் கேட்பது என்று தெரியவில்லை. எனக்கு ஒரே சந்தோஷம். எவ்வளவு நாளைக்கு அப்புறம் பாய்க்கு ஒரு வேலை! கம்பெனிக்காரர் படி இறங்குவதற்கு முன்பே போன் போட்டேன். ஒரே மணியில் எடுத்தார்.

"டாக்டர் இல்ல."

"பாய், நான்தான்" என்றேன்.

"தெரியும்மா. உன் பேருதான் வந்திச்சி. சொல்லு."